ஏற்காட்டு பங்களாவின் பழம்பொருட்களை ஏலத்தில் விடும் முன்

ஏற்காட்டில் உங்கள் தாத்தா 1952-இல், சொந்த ஊர் திரும்பிய ஓர் ஆங்கிலேயக் காபித் தோட்டக்காரரிடமிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்து வாங்கிய பங்களாவை இப்போது பாகம் பிரிக்கப் போகிறீர்கள். சுவர்க் கடிகாரம், நீளக் கை வைத்த சாய்வு நாற்காலிகள், குழல் வைத்த கிராமபோன், ரவிவர்மா படம் இரண்டு, ஒரு டப்பா நிறையப் பழைய காசுகள், பித்தளைப் பாத்திரங்கள், பூசை அறையில் ஒரு சிறிய அம்மன் சிலை, சுவரில் காட்டெருமைத் தலை, ஒரு ஜோடி தந்தம், பழைய துப்பாக்கி, கடிதக் கட்டுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், காகிதம் பறக்காமல் மேசைமேல் வைத்திருந்த வழவழப்பான கருங்கல் ஒன்று என்று பட்டியல் அனுப்பியிருக்கிறீர்கள். சேலத்திலிருந்து வந்த வியாபாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை பேசியிருப்பதாகவும், அதை வாங்கிக்கொள்வதா, ஏலத்தில் விடுவதா என்று குடும்பத்தில் ஒத்த கருத்து இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மொத்த விலைக்குக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு ஐயமே இல்லை. பழம்பொருள் வியாபாரி ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொன்னால், அவர் கண்ணில் ஒன்றோ இரண்டோ பொருள் பட்டுவிட்டது என்று பொருள். அந்த ஒன்றிரண்டிலேயே போட்ட பணம் திரும்பிவிடும். மீதி அத்தனையும் அவருக்கு இலவசம். அவர் செய்வது மோசடி என்று நான் சொல்லவில்லை, அவர் தொழில் அது. ஆனால் எந்தப் பொருளுக்காக அந்தத் தொகை வந்தது என்று தெரியாமல் நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது. அதற்காக நாளைக்கே ஏலக்காரரை அழைப்பதும் சரியல்ல. ஏலம் பொருளின் விலையை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே பொருளோடு இருக்கும் விலையை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அந்த விலை பெரும்பாலும் பொருளின் பூர்வீகத்தில் இருக்கிறது. யாரிடம் இருந்தது, எப்போது வந்தது, எப்படிக் கைமாறியது, இடையில் யார் கைவைத்தார்கள் என்பதை எழுத்தால் காட்ட முடிந்தால் அது ஒரு விலை. முடியாவிட்டால் வேறு விலை. பூர்வீகம் தெரிந்த பொருளை நம்பி வாங்குவார்கள், தெரியாததைச் சந்தேகப்பட்டுக் குறைத்துக் கேட்பார்கள்.

இதை நான் இழப்பில் கற்றுக்கொண்டேன். செவ்வாய்ப்பேட்டையில் இருந்த எங்கள் பெரியம்மா காலமான பிறகு, அவருடைய வெள்ளிப் பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் பழைய வெள்ளி என்ற கணக்கில் எடைக்குப் போட்டோம். சேலத்தில் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த பகுதி அது. பழைய வெள்ளி காலையில் வந்தால் மாலைக்குள் உருகிவிடும். செம்பின் அடியில் ஊசியால் கீறியது போல் பெயரும் ஊரும் வருடமும் பொறித்திருந்தன. கல்யாணச் சீராக யார் கொடுத்தது என்ற குறிப்பு அது. தராசில் ஏற்றும்போது அதைப் படித்தது நினைவிருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அந்த வரியோடு அந்தச் செம்பை ஓர் ஏலப் பட்டியலில் சேர்த்திருந்தால் எடை விலையைப் போல் எத்தனை மடங்கு கிடைத்திருக்கும் என்று பின்னால் பல ஏலங்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பணத்தைவிட, அந்தப் பெயர் எங்கள் குடும்பத்துக்கே இல்லாமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே முதல் வேலையாக, எந்தப் பொருளையும் இடம் மாற்றாமல் ஒவ்வோர் அறையையும் இருந்தபடியே படம் பிடியுங்கள். பிறகு 1952-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பங்களாவைச் சாமான்களோடு விற்றிருந்தால், பத்திரத்தோடோ தனித்தாளிலோ சாமான்களின் பட்டியல் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. அது கிடைத்தால், அதில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அது பிறப்புச் சான்றிதழ் போன்றது. சுவரில் மாட்டிய குடும்பப் படங்களையும் உற்றுப் பாருங்கள். தாத்தா உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அவருக்குப் பின்னால் தெரியும் கடிகாரமும் அந்தப் படத்தின் தேதிக்கு முன்பே வீட்டில் இருந்தவை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கடிதக் கட்டுகளை இப்போதைக்குப் பிரிக்கவே வேண்டாம். குறிப்பாக, தபால் தலை சேர்க்கும் பிள்ளைகள் யாரையும் அவற்றின் அருகே விடாதீர்கள். உறையிலிருந்து தலையை வெட்டி எடுத்தால் அது பெரும்பாலும் சில ரூபாய்ச் சரக்கு. அதே தலை ஏற்காட்டு அஞ்சல் முத்திரையோடும், பெறுநர் முகவரியோடும், உள்ளே கடிதத்தோடும் இருந்தால் அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பூர்வீகம் என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள் அது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அமெரிக்காவின் அன்சோனியா, சேத் தாமஸ் கடிகாரங்களும், எட்டு முனை நட்சத்திர முத்திரை போட்ட ஜெர்மனியின் ஜங்ஹான்ஸ் கடிகாரங்களும் அதிகம். முகப்புத் தகட்டில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். முகப்பை மாற்றுவது எளிது. பெண்டுலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கைவிளக்கை அடித்து உள்ளே இயந்திரத்தின் பின்தகட்டைப் பாருங்கள். அங்கே அச்சடித்த முத்திரையும் முகப்பில் உள்ள பெயரும் ஒத்துப் போக வேண்டும். பிறகு கதவின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழுது பார்த்தவர்கள் தம் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதிவிட்டுப் போவது அந்தக் காலத்து வழக்கம். நான் பார்த்த ஒரு கடிகாரத்தில் ஐந்து வெவ்வேறு கையெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதல் மூன்று ஆங்கிலத்திலும், பின் இரண்டு தமிழில் ‘ஆயில் போட்டது’ என்ற குறிப்போடும். மரம் அரித்து, கண்ணாடி விரிசல் விட்டிருந்த அந்தக் கடிகாரத்துக்கு, பக்கத்தில் பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்திருந்த இன்னொன்றைவிட அதிக விலை கிடைத்தது. அந்தக் கதவைத் துடைத்துவிடாதீர்கள்.

துடைப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யும் மிகப் பெரிய சேதம் இதுதான். விற்கப் போகிறோம், பளிச்சென்று இருக்கட்டும் என்று பித்தளையையும் வெண்கலத்தையும் புளி போட்டுத் தேய்ப்பார்கள், அல்லது பீதாம்பரிப் பொடி போடுவார்கள். உலோகத்தின்மேல் பல பத்தாண்டுகளாகப் படிந்த கருமை கலந்த பழுப்புப் படலம்தான் வாங்குபவர் தேடும் வயதுச் சான்று. அதைத் தேய்த்தெடுத்தால் நூறு வருடத்து விளக்கும் போன மாதத்து விளக்கும் ஒன்றுபோல் ஆகிவிடும். காசுகளுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். தேய்த்த காசு என்று கண்ணாடி வைத்துப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். விலை பாதிக்குக் கீழே இறங்கினாலும் வியப்பில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. வெண்கலத்தில் வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் உதிரும் தூள் புள்ளி புள்ளியாகக் கிளம்பியிருந்தால் அது களிம்பு நோய். ஏற்காட்டின் ஈரக் காற்றில் பரவும். அப்போதும் நீங்களே தேய்க்காமல், அந்தப் பொருளை மட்டும் தனியே எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பராமரிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, உங்கள் பட்டியலில் சில பொருட்கள் ஏலத்துக்கே போகக் கூடாதவை. காட்டெருமைத் தலையும் தந்தமும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் அவற்றை விற்க முடியாது. வாரிசாகப் பெற்றவர் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதலில் தாத்தாவின் காகிதங்களில் வனத்துறைச் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், வைத்துக்கொள்ள விருப்பமில்லாதபோது அரசிடம் ஒப்படைக்க 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. அதற்கு இழப்பீடு கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலரை நீங்களாகவே அணுகுங்கள். ‘சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறேன்’ என்று எந்த வியாபாரியாவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். துப்பாக்கியும் அப்படித்தான்: உரிமம் யார் பெயரில் இருந்தது என்று பார்த்து, காவல் நிலையத்தின் வழியாக முறைப்படுத்துங்கள்; மற்றப் பொருட்களோடு ஒரே பட்டியலில் அது இடம்பெற வேண்டாம்.

அம்மன் சிலை வேறு வகை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100 ஆண்டும் அதற்கு மேலும் பழமையான சிற்பம், ஓவியம், காசு, கைவினைப் பொருள் ஆகியவை தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகு என்ற வகையில் மதிப்புள்ள சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் 75 ஆண்டு போதும். இந்தியாவுக்குள் ஒரு தனிமனிதர் தம்முடைய தொல்பொருளை விற்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதை வியாபாரமாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். உலோகச் சிலை, கற்சிலை, ஓவியம் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிந்திருக்க வேண்டும். பதிந்த பொருள் கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறி அனுப்பினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. எனவே ஏலக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கமிஷன் எவ்வளவு என்பதல்ல, தொல்பொருள் விற்பனை உரிமம் வைத்திருக்கிறாரா என்பதுதான்.

சட்டத்தைவிட முக்கியமான கேள்வி, அந்தச் சிலை எங்கிருந்து வந்தது என்பது. வீட்டுப் பூசைக்கென்று செய்த சிறிய சிலைகள் உண்டு. கோயிலிலிருந்து போனவையும் உண்டு. பீடத்தில் தண்டு செருகும் துளைகளோ, திருவாசி என்னும் பின்வளைவை மாட்டும் கொக்கிகளோ இருந்தால் அது உற்சவ மூர்த்தியாக ஊர்வலம் போன சிலையாக இருக்கலாம். அப்படியானால் அது ஒரு ஊரின் சொத்து. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசரை நினைத்துப் பாருங்கள். பொய்யான பூர்வீகக் காகிதங்களோடு அந்தச் சிலை விற்கப்பட்டு, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நம் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள்தான் இப்படிப்பட்ட சிலைகளை அடையாளம் காண உதவின. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். அது பொய்க் காகிதத்தின் கதை. காகிதம் உண்மையாகவே இருந்தும் ஏலத்தில் விற்க முடியாமல் போனது பிப்ராவா மணிகளின் கதை. 1898-இல் உத்தரப் பிரதேசத்தின் பிப்ராவாவில் புத்தரின் எலும்புத் துண்டுகளோடு கிடைத்த அந்த மணிகள், தோண்டியவரின் குடும்பத்தாரிடம் இருந்தவை. பூர்வீகத்தில் யாருக்கும் ஐயம் இல்லை. 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோதபீஸ் ஏல நிறுவனம் அவற்றை ஏலத்துக்கு வைத்தபோது இந்திய அரசு எதிர்த்தது, ஏலம் நின்றது, ஜூலையில் மணிகள் இந்தியா வந்து சேர்ந்தன. உங்கள் அம்மனைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: பூர்வீகம் முழுமையாகத் தெரியும் வரை விற்பனைப் பேச்சையே எடுக்காதீர்கள். கோயிலைச் சேர்ந்தது என்று தோன்றினால் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு நீங்களே தெரிவிப்பதுதான் முறை.

காசு டப்பாவைப் பற்றி உங்கள் உறவினர் மிகப் பெரிய நம்பிக்கை வைத்திருப்பதாகத் தெரிகிறது. அதை மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. பழையது என்பதால் மட்டும் காசு விலை போகாது. அரிதாகவும் நல்ல நிலையிலும் இருக்க வேண்டும். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள் 11.66 கிராம் எடையும் நூற்றுக்குச் சுமார் 91.7 பங்கு வெள்ளியும் கொண்டவை. சாதாரண வருடத்துக் காசாக இருந்தால் வெள்ளி விலையோடு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல். 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அரிதானது. அதனாலேயே கடைசி எண்ணைத் திருத்திய போலிகள் உலவுகின்றன. ஆண்டின் கடைசி எண்ணை மற்ற மூன்று எண்களோடு பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்திய எண்ணைச் சுற்றி மட்டும் பரப்பு சொரசொரப்பாகத் தெரியும். இராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு டப்பாவில் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவில்லை. அவை பிற்காலத்தில் வார்த்து விற்ற பக்தி வில்லைகள்.

‘பழைய காசுக்குப் பல லட்சம்’ என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களும் இதே ஆசையைத்தான் குறிவைக்கின்றன. அவர்கள் காசை வாங்குவதில்லை. பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று உங்களிடமிருந்து முன்பணம் வாங்குவார்கள். தன் பெயரைப் பயன்படுத்தி இப்படிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. நேர்மையான ஏல நிறுவனம் பொருளைப் பார்க்காமல் விலை சொல்லாது. அதேபோல் செம்புப் பாத்திரம் எதையாவது பார்த்துவிட்டு ‘இரிடியம்’, ‘அரிசியை இழுக்கும் கலசம்’ என்று பேசிக்கொண்டு யாராவது வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நம் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கதையில் நிலத்தை இழந்திருக்கின்றன. நல்ல காசுகள் சில தேறினால் உள்ளூரில் விற்காமல், பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ், மும்பை டோடிவாலா போன்ற நாணய ஏல நிறுவனங்களுக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள்.

கிராமபோனை நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமும் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அப்படிப்பட்டவை பெரும்பாலும் சுற்றுலாக் கடைகளுக்கென்று அண்மைக் காலத்தில் செய்தவை. பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிளைவுட் பலகையும், தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணிகளும் இருந்தால் அலங்காரப் பொருள் என்று கொள்ளலாம். ரவிவர்மா படங்கள் அச்சுப் படங்களாகத்தான் இருக்கும்; 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய கல்லச்சு (லித்தோகிராஃப்) அச்சகம் அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், கல்லச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். பிற்கால ஆஃப்செட் அச்சில் ஒரே இடைவெளியில் வரிசை பிடித்த புள்ளிகள் பூப்போல வட்டமிட்டுத் தெரியும். படத்தின் கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குப் பொருந்தட்டும் என்று அந்த விளிம்பை யாராவது வெட்டியிருந்தால் விலையும் அதோடு வெட்டுப்பட்டுவிட்டது. கையால் வரைந்த அவருடைய அசல் ஓவியமாக இருந்தால் அது கலைக் கருவூலம். நாட்டுக்குள் விற்கலாம், வெளியே போகாது.

பாட்டுப் புத்தகங்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் பட்டியலில் மிகவும் பிடித்தது அதுதான். சேலம் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது; இன்று அங்கே நிற்பது அதன் நுழைவாயில் வளைவு மட்டும். படத்தோடு திரையரங்கில் அணாக் கணக்கில் விற்ற சிறு புத்தகங்களில் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் பாட்டு வரிகளும் இருக்கும். பிரதி அழிந்துபோன படங்கள் சிலவற்றுக்கு இந்தப் புத்தகம் ஒன்றே எஞ்சிய சாட்சி. துருப்பிடித்த ஊசிகளைப் பிடுங்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வையுங்கள். ஒரே வீட்டில், ஒரே ஆள் சேர்த்தது என்ற செய்தியே அதற்கு ஒரு பூர்வீகம். உதிரியாக விற்றால் அது போய்விடும்.

நாற்காலிகளை ஏற்காட்டிலேயே விற்பது நல்லது என்று நினைக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகும் வண்டிச் செலவும் சேதமும் லாபத்தைத் தின்றுவிடும். மலைமேலேயே விடுதி நடத்துபவர்கள் இப்படிப்பட்ட நாற்காலிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஈட்டி மரமா, தேக்கா என்று தெரிந்த ஆசாரியைக் கொண்டு பார்த்து எழுதி வையுங்கள். பிரம்புப் பின்னல் அறுந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். புது வார்னிஷ் கண்டிப்பாக வேண்டாம்.

இனி ஏலம் நடக்கும் முறை. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இதை ஆள்கிறது. ஒவ்வொரு எண்ணிட்ட பொருளும் தனித்தனி ஒப்பந்தம். சுத்தியல் விழும்போது விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் தம் கேட்பைத் திரும்பப் பெறலாம். ‘ஒருதரம், ரெண்டுதரம்’ என்று சொல்லி மூன்றாம் தரத்துக்கு முன் ஏலக்காரர் நிறுத்தும் அந்த ஒரு நொடிக்குச் சட்டப்படியே பொருள் இருக்கிறது. விற்பவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது என்று முன்கூட்டியே அறிவிக்காவிட்டால், நீங்களோ உங்கள் சார்பில் வேறு யாருமோ கேட்கக் கூடாது. ஆள் வைத்து விலை ஏற்றினால் வாங்கியவர் விற்பனையையே செல்லாததாக்கலாம். மாமா மகனை நிற்கவைத்து இரண்டு தடவை கேட்கச் சொல்லலாம் என்ற உங்கள் வீட்டு யோசனை இதில் அடங்கும். அதற்குப் பதிலாகச் சட்டம் கொடுக்கும் நேர்வழி ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்பதில்லை என்று முன்பே எழுதிக் கொடுக்கும் எல்லை.

ரிசர்வ் விலை வைக்காத ஒரு பங்களா ஏலத்தை ஏற்காட்டில் ஒருமுறை பார்த்தேன். மழைக்காலம், வராந்தாவில் நாற்காலிகளின் கால்களில் சாக்கட்டியால் எண் போட்டிருந்தார்கள், ஈரத்தில் பாதி எண் அழிந்திருந்தது. வந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கலாம். அதில் பத்துப் பேர் காலையில் ஒரே வேனில் வந்து இறங்கியவர்கள். பெரிய உணவு மேசை ஒன்று வந்தபோது அவர்களில் ஒருவர் மட்டும் கேட்டார், மற்ற ஒன்பது பேரும் வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்கள். மூன்றே கேட்பில் மேசை முடிந்தது. சிண்டிகேட் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஏலம் முடிந்த பிறகு கீழே ஒரு டீக்கடையின் பின்கட்டில் அவர்களுக்குள் மறு ஏலம் நடந்தது; மேசைக்கு உண்மையான விலை அங்கேதான் கிடைத்தது, வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பைசா இல்லை. இதை உடைக்க இரண்டு வழிகள்தான் எனக்குத் தெரியும். ஒன்று ரிசர்வ் விலை. மற்றொன்று, இரண்டு மூன்று வாரம் முன்பே படத்தோடு பட்டியலை வெளியூர் ஆட்களுக்கும் அனுப்பி, தொலைபேசியிலும் இணையத்திலும் கேட்க வழி செய்வது. வேனில் வராதவர் ஒருவர் போட்டிக்கு நின்றாலே சிண்டிகேட் தடுமாறிவிடும்.

பணக் கணக்கையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே புரிந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பொருள் 1,00,000 ரூபாய்க்குச் சுத்தியலில் விழுகிறது என்று வையுங்கள். விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்றால் உங்களுக்கு 90,000 வரும், வாங்குபவர் மேல்கட்டணம் 15 சதவீதம் என்றால் அவர் 1,15,000 கொடுப்பார், வரி தனி. படம் எடுக்கும் செலவு, வண்டி, காப்பீடு, விலைபோகாமல் திரும்பும் பொருளுக்கான கட்டணம் ஆகியவற்றை யார் கொடுப்பது, ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம் வரும் என்பவை எழுத்தில் இருக்கட்டும். விலைபோகாமல் திரும்பிய பொருளை உடனே அடுத்த ஏலத்தில் விடாதீர்கள். ஒருமுறை தோற்ற பொருள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வருமான வரியில், வீட்டு மேசை நாற்காலி சொந்த உபயோகப் பொருளாகக் கருதப்படும். ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் தொகுப்பு ஆகியவை அப்படி இல்லை, மூலதன ஆதாய வரி உண்டு. வாரிசாக வந்த பழம்பொருளுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ள முடியும் என்பதால், மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, மேசைமேல் இருந்த அந்தக் கருங்கல். கைக்கு அடக்கமாக, ஒரு முனை அகன்று கூராகவும் மறுமுனை குறுகியும், தேய்த்து மெருகேற்றியது போலவும் இருந்தால் அது புதிய கற்காலக் கோடரியாக இருக்கலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இவை நிறையக் கிடைத்திருக்கின்றன; மலைக் கிராமங்களில் பிள்ளையார் மாடங்களில் வைத்துக் கும்பிட்டதும் உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். அவருடைய நினைவுக்கல் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலை கொடுத்து வாங்கியது. வெறும் கற்களாக இருந்திருந்தால் அவற்றை யார் வாங்கியிருப்பார்கள்? ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்திருந்தார். அந்தக் காலத்துத் தோட்டக்காரர்களில் அவரைப் பார்த்துக் கல் சேர்த்தவர்கள் இருந்திருக்கலாம். இதை ஏலப் பட்டியலில் சேர்க்காமல் சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன், கழுவாமல், வெயிலில் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். சேகரித்தவர்கள் கல்லின் ஓரத்தில் மையால் ஓர் எண்ணோ ஊர்ப் பெயரோ எழுதுவது வழக்கம். ஏதாவது தெரிந்தால், எழுத்து எவ்வளவு மங்கலாக இருந்தாலும், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தாத்தாவின் கடிதக் கட்டில் அதே எண்ணோ ஊரோ வருகிறதா என்று சேர்ந்தே தேடுவோம்.